கங்காணி முதல் நேர்முகப் பரீட்சை வரை: ஆட்சேர்ப்பு அதிகாரம் கைமாறிய வரலாறு

திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் பயிலும் மாணவர் ஒருவரின் வினா இது: மனித வள முகாமைத்துவம் என்னும் துறை எவ்வாறு வளர்ந்தது? எங்கள் மாவட்டத்தில் இன்றும் தெரிந்தவர் மூலமாகவே வேலை கிடைக்கும்போது, விரிவுரைக் குறிப்புகளில் வரும் வளர்ச்சிக் கட்டங்களுக்கு இங்கே என்ன பொருள்? வினாவின் பிற்பகுதியில் சலிப்பு தெரிகிறது, அது நியாயமானதுதான். சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றின் ஆளணிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இரண்டையும் சேர்த்தே விடையளிக்க விரும்புகிறேன்.

குறிப்புகள் இவ்வரலாற்றை நலன்புரிச் சேவை, ஆளணி நிர்வாகம், மனித உறவுகள், மனித வளம் என்று பெயர்ப்பலகை மாறிய கதையாகவே சொல்கின்றன. பரீட்சையில் எழுத அது போதும். விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் வேறொன்றைத் தேட வேண்டும். ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கும் நிறுத்துவதற்குமான அதிகாரம் யார் கையில் இருந்தது, அது யாரிடமிருந்து யாருக்கு மாறியது, மாறியபோது எது எழுத்தில் வந்தது என்பதே அது. இந்தக் கண்ணோடு பார்த்தால், தெரிந்தவர் மூலம் வேலை கிடைப்பது வரலாற்றுக்கு வெளியே நிற்கும் விதிவிலக்காகத் தோன்றாது. அவ்வரலாற்றின் முதற்படை இன்னும் கரையாமல் அடியில் கிடப்பதாகவே தோன்றும்.

இலங்கையில் அந்த முதற்படையின் பெயர் கங்காணி. பெருந்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவரும், வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்து அவர்களைக் கடனாளிகளாக வைத்திருந்தவரும், வேலைக்களத்தில் மேற்பார்வை செய்தவரும் ஒருவரே. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு கூட்டம் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்களுடைய கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்று கைமாற வேண்டும். புதிய தோட்டத்துரை அக்கடனை அடைத்தே அவர்களைப் பெற முடியும். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆட்சேர்ப்பு, கடன், ஒழுக்காற்று ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்ததுதான் இம்முறையின் பலமும் கொடுமையும். தொழிலாளியைத் தோட்டத்துரை அறியமாட்டார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் இதைவிட மேம்பட்டிருந்தன என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அங்கே போர்மன் எனப்பட்ட மேற்பார்வையாளரே வாசலில் நின்று ஆள் எடுத்தார், கூலியைப் பேசினார், பிடிக்காதவரை அனுப்பினார். உறவினருக்கு இடம் கொடுப்பதும் கையூட்டுப் பெறுவதும் அங்கும் வழமையாகவே இருந்தன. நியூ லானார்க் ஆலையை நடத்திய ரொபர்ட் ஓவன் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்க மறுத்ததும், வேலை நேரத்தைக் குறைத்ததும், பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்ததும் உண்மை. ஆயினும் அவை ஒரு முதலாளியின் நல்லெண்ணத்தில் தங்கி நின்றன. 1896 இல் யோர்க் நகரின் ரவுண்ட்ரீ சொக்லேற் தொழிற்சாலை மேரி வுட் என்பவரை நலன்புரி அலுவலராக நியமித்தபோதுதான் ஊழியர் நலன் ஒருவருடைய முழுநேரத் தொழிலாயிற்று. இத்தகைய அலுவலர்கள் 1913 இல் அதே நகரில் கூடி அமைத்த சங்கமே இன்றைய பிரித்தானிய ஆளணி நிறுவகத்தின் வேர்.

வாசலில் நின்றவரின் அதிகாரத்தை முதலில் உடைத்தது தொழிற்சாலை அன்று, அரசு. சீனப் பேரரசின் பரீட்சை முறை 1905 வரை பல நூற்றாண்டுகள் நீடித்தது. நம்மவரிடத்திலும், பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறைக்கு வயது, சொத்து, கல்வித் தகுதிகளை விதிக்கின்றன; கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய உறவினரையும் விலக்குகின்றன. வாரியப் பதவி சம்பள உத்தியோகமன்று. ஆனாலும் உறவினரைப் பெயர் சொல்லி விலக்கிய அந்த நுணுக்கத்தை இன்றைய ஆட்சேர்ப்பு விதிகள் பலவற்றிலும் நான் கண்டதில்லை.

நவீன அரச சேவைக்கு வழி திறந்தது பிரித்தானியாவில் 1854 இல் வெளிவந்த நோர்த்கோட் - ட்ரெவெலியன் அறிக்கை. சிபாரிசை நீக்கித் திறந்த போட்டிப் பரீட்சையால் ஆள் எடுக்க வேண்டும் என்று அது கேட்டது. 1870 இல் அது பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ, பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் ஒருவன் 1881 இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான், 1883 இல் பென்டில்டன் சட்டம் பிறந்தது. இங்கே, சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையரானார். பரீட்சை இங்கிலாந்தில், ஆங்கிலத்தில் நடந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். வாசல் திறந்தது, அங்கு போய்ச் சேரும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது.

தொழிற்சாலைகளை அசைத்தது நீதியுணர்வைவிடச் செலவுக் கணக்கு. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913 இல் சுமார் 14,000 பேரைக் கொண்ட ஆளணியை நிலைநிறுத்த 52,000 க்கும் மேற்பட்டோரை எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை, ஆளைப் பழக்கும் செலவு வீணாயிற்று. அந்த ஆண்டிலேயே வேலைக்கு எடுப்பதற்கெனத் தனிப் பிரிவு வலுப்படுத்தப்பட்டு, போர்மன் நினைத்தபடி ஆளை நீக்கும் உரிமை பறிக்கப்பட்டது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டொலர் என்ற அறிவிப்பு வந்தது. எல்லோரும் ஐந்து டொலரை மட்டுமே நினைவு வைத்திருக்கிறார்கள். அதைப் பெறுவதற்குத் தகுதி உண்டா என்று பார்க்க, நிறுவனத்தின் அலுவலர்கள் தொழிலாளரின் வீடுகளுக்கே சென்று குடிப்பழக்கத்தையும் சேமிப்பையும் விசாரித்தார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஊழியர் நலனும் ஊழியர் மீதான கண்காணிப்பும் ஒரே கதவால் உள்ளே வந்தவை. இன்றும் அவற்றைப் பிரிப்பது எளிதன்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் உளவியலாளர் ஆட்சேர்ப்புக்குள் வந்தனர். ஹூகோ முன்ஸ்டர்பெர்க் பொஸ்டன் நகர ட்ராம் சாரதிகளுக்கான சோதனைகளை வடிவமைத்தார். 1917 இல் அமெரிக்கா போருக்குள் இறங்கியபோது, எழுத்தறிந்தவருக்கு அல்பா, மற்றவருக்கு பேற்றா என்ற இரு சோதனைகள் உருவாகி, சுமார் 17 இலட்சம் படையினர் அளக்கப்பட்டனர். ஆனால் அவ்வினாக்கள் பல, அமெரிக்க வாழ்க்கையில் ஊறியவருக்கே விடை தெரியக்கூடியவை. புதிதாகக் குடியேறியவர் மந்தபுத்தியுள்ளவராகக் கணிக்கப்பட்டனர். தன் மொழியல்லாத மொழியில் உளச்சார்புப் பரீட்சை எழுதிய கிழக்கிலங்கை இளைஞர் எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஹோதோர்ன் என்ற தொழிற்சாலையில் தொழிலாளரின் உற்பத்தி பற்றி நடந்த ஆய்வுகளைச் சுருக்கமாகவே கடந்து செல்கிறேன். சிக்காகோ அருகிலிருந்த அத்தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவற்றிலிருந்து, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டும் என்ற முடிவு பாடமாகிவிட்டது. பிற்கால மீளாய்வுகள் அதைப் பெரிதும் ஐயத்துக்குள்ளாக்கியுள்ளன. எனக்கு முக்கியமாகப்படுவது அங்கு 20,000 க்கும் மேற்பட்ட தொழிலாளருடன் நடத்தப்பட்ட உரையாடல்கள்தான். குறிப்பிட்ட வினாக்களோடு தொடங்கியவர்கள், தொழிலாளி தான் சொல்ல விரும்பியதைச் சொல்ல விட்டால் அதிகம் தெரியவருகிறது என்று கண்டு முறையை மாற்றினர். இது குறைகேட்டலுக்குப் பொருந்தும். ஆள் எடுப்பதற்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே பேச்சுமுறை போதும் என்ற எண்ணமே இன்றைய நேர்முகப் பரீட்சைகளின் நோய்.

இலங்கையில் இத்துறையை வளர்த்தவை முகாமைத்துவக் கோட்பாடுகளைவிடத் தொழிற்சங்கங்களும் சட்டங்களும்தான். 1935 இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், 1939 இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1950 இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், 1954 இல் கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் என வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் முதலாளியிடம் ஒரு பதிவேட்டைக் கேட்டது. யார் எப்போது சேர்ந்தார், எத்தனை மணி வேலை செய்தார், எவ்வளவு பெற்றார், சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கும் (இன்று 8 சதவீதம்) தொழில்தருநரின் பங்கும் (இன்று 12 சதவீதம்) கட்டப்பட்டதா என்று காட்ட ஒருவர் மேசையிட்டு உட்கார வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஆளணி உத்தியோகத்தர் பிறந்தது அந்த மேசையில்தான். அவர்களைப் பயிற்றும் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் 1959 இல் தோன்றி, 1976 இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது.

ஆட்சேர்ப்பை ஆழமாக மாற்றிய சட்டமோ ஆளை வேலையிலிருந்து நீக்குவது பற்றியது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெதற்காகவும், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவரை நிறுத்த முடியாது. தொழிலாளருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் வெளியேறும் வாசல் ஒடுங்கியதும் நுழையும் வாசலில் தயக்கம் கூடிற்று. 180 நாட்களுக்குக் குறைந்த சேவைக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், அந்த எல்லையைத் தொடாத குறுங்கால ஒப்பந்தங்கள் பெருகின. நிறுவனம் நேரடியாக எடுக்காமல் ஆள் வழங்கும் முகவர் வழியாக எடுத்தது. இந்த முகவர் ஆளைத் திரட்டுகிறார், சம்பளத்தில் தன் பங்கை வைத்துக்கொள்கிறார், பிரச்சினை எழுந்தால் தொழிற்சாலை அவரையே கைகாட்டுகிறது. கங்காணி சட்டைக் கழுத்துப்பட்டியுடன் திரும்பி வந்திருக்கிறார் என்றே நான் இதைக் கருதுகிறேன். சட்டம் தவறு என்பது என் கருத்தன்று. 1983 இன் பணிக்கொடைச் சட்டத்துக்கு முன்னர் கையில் ஒன்றுமில்லாமல் வீடு போன முதியவர்களைப் பற்றிக் கேட்டறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஒரு வாசலைப் பூட்டும் விதி மற்ற வாசலையும் அசைக்கும் என்பதையே சொல்கிறேன்.

1980 களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து மனித வள முகாமைத்துவம் என்ற பெயரும், ஹாவார்ட், மிச்சிகன் மாதிரிகளும் பரவின. ஆட்களைச் செலவாகக் கருதாமல் நிறுவன உபாயத்தின் பகுதியாகக் கருத வேண்டும் என்பது அவற்றின் சாரம். நல்ல கருத்துத்தான். எங்கள் பக்கத்து நிறுவனங்கள் பலவற்றில் கதவிலிருந்த பலகை மாறியது. உள்ளே மேசையும் பதிவேடும் மாறவில்லை.

இனி ஆட்சேர்ப்பு முறைகளின் தரத்துக்கு வருகிறேன். ஏனெனில் இங்குதான் உண்மையான அறிவு வளர்ச்சி நிகழ்ந்துள்ளது. பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்ட்டர் ஆகிய இருவரும் 1998 இல் எண்பத்தைந்து ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு தெரிவு முறையும் பிற்கால வேலைத் திறனை எவ்வளவு சரியாக முன்னுரைக்கிறது என்று கணித்தனர். முழுப் பொருத்தம் 1 என்று கொண்டால், அந்த வேலையின் ஒரு பகுதியையே செய்து காட்டச் சொல்வது 0.54 பெற்றது. எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை 0.51 பெற்றது, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகம் 0.38. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை 0.18, கல்வி கற்ற ஆண்டுகளின் எண்ணிக்கை 0.10, கையெழுத்தைப் பார்த்துக் குணம் கூறுவது 0.02. போல் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் 2022 இல் இக்கணிப்புகளை மீளாய்ந்து பெரும்பாலானவற்றைக் குறைத்தனர். ஆயினும் ஒழுங்கமைத்த நேர்முகப் பரீட்சை 0.42 உடன் முன்னணியில் நின்றது.

இவ்வெண்களை எங்கள் பத்திரிகை விளம்பரங்களோடு ஒப்பிடுங்கள். 'மூன்று வருட அனுபவம், க.பொ.த உயர்தரத்தில் சித்தி' என்ற இரண்டு நிபந்தனைகளே பெரும்பாலும் முதலில் நிற்கின்றன. ஆய்வு குறைந்த மதிப்பளித்தவற்றுள் அனுபவ ஆண்டுகளும் கல்வி ஆண்டுகளும் அடங்கும். உப்புவெளியில் ஒரு விடுதி சமையற்காரரைத் தேடுகிறது என்றால், அரை மணி நேரம் அடுப்படியை ஒப்படைத்து, ஒரு மீன் குழம்பையும் ஒரு முட்டை ஒம்லெட்டையும் செய்யச் சொல்லி, மேடையை எப்படித் துடைத்து வைக்கிறார் என்று பார்ப்பது, ஐந்து சான்றிதழ்களைப் புரட்டுவதைவிட அதிகம் சொல்லும். பாடசாலைச் சான்றிதழ் இல்லாத திறமைசாலிக்கு, முன்கற்றலை அங்கீகரித்து வழங்கப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் இன்று உண்டு. ஏழு மட்டங்கள் கொண்ட அந்த ஒழுங்கமைப்பைச் சிறு தொழில்தருநர் போதியளவு பயன்படுத்தவில்லை.

தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பது முற்றிலும் தீதா என்றால், இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பொஸ்டன் அருகே நடத்தி 1970 களில் வெளியிட்ட ஆய்வில், வேலை மாறியவரில் பாதிக்கும் மேற்பட்டோர் தொடர்புகள் வழியாகவே வேலை பெற்றிருந்தனர். அதிலும் நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது காணும் அறிமுகத்தாரே அதிகம் உதவியிருந்தனர். அறிமுகம் என்பது தகவல் பரவும் வழி. அதே அறிமுகம் தீர்மானிக்கும் வழியாகவும் ஆகும்போதுதான் கேடு வருகிறது. நான் பணியாற்றிய இடத்தில் ஒரு காலத்தில் மேற்பார்வையாளர்களின் சிபாரிசே போதுமானதாக இருந்தது. அதனால் ஓர் இரவு ஷிப்டில் பெரும்பாலோர் ஒரே ஊரவராயினர். அவ்வூர்க் கோயில் திருவிழா வந்தால் இயந்திரங்கள் நின்றன. ஒருவரைக் கண்டித்தால் அனைவரும் முகம் திருப்பினர். வெற்றிடங்களை நிறுவன வாசலிலும் பிரதேச செயலகங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டத் தொடங்கிய பின்னர், சிபாரிசுகள் நின்றுவிடவில்லை. ஆனால் சிபாரிசோடு வந்தவரும் மற்றவரோடு அதே சோதனைக்கு உட்கார வேண்டியதாயிற்று.

மூவினத்தவரும் அருகருகே வாழும் இந்த மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயரைக் கேட்டவுடன் இனமும், ஊரைக் கேட்டவுடன் பெரும்பாலும் மற்றவையும் தெரிந்துவிடுகின்றன. பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் மரியான் பேர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பெயரை மட்டும் மாற்றி ஒத்த தகுதியுள்ள சுயவிபரக் கோவைகளை அனுப்பிய ஆய்வு 2004 இல் வெளிவந்தது. வெள்ளையருக்குரியதாகக் கருதப்படும் பெயர்களுக்கு, கறுப்பினத்தவரின் பெயர்களைவிட 50 சதவீதம் அதிகமான அழைப்புகள் கிடைத்தன. அழைக்காதவர்களில் எத்தனை பேர் தம்மைப் பாகுபாடு காட்டுபவராக நினைத்திருப்பார்? முதற்கட்டத் தெரிவின்போது பெயரும் முகவரியும் உள்ள பக்கத்தை மறைத்து வைக்கச் செலவேதும் ஆகாது. கணினி அதைச் சரிசெய்யும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்: பழைய விண்ணப்பங்களைக் கற்பித்துத் தயாரித்த அமேசன் நிறுவனத்தின் தெரிவு மென்பொருள், பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியதால் கைவிடப்பட்டதென 2018 இல் செய்தி வந்தது. பழைய போர்மனின் பழக்கத்தையே இயந்திரமும் கற்றுக்கொண்டது.

அரச துறையைப் பற்றி ஒரு சொல். கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு இந்நகரிலேயே இயங்குகிறது. அதன் ஆட்சேர்ப்புத் திட்டங்களும், போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் மனித வள மாணவர் நேரே படிக்க வேண்டிய ஆவணங்கள்; பதவியின் கடமை, தகைமை, தெரிவு முறை, தகுதிகாண் காலம், வினைத்திறன் தடை (சேவையில் முன்னேறக் கடக்க வேண்டிய பரீட்சை) என்பன எழுத்தில் ஒழுங்காக உள்ளன. இதற்கு நேர்மாறானது, பட்டதாரிகளின் நியாயமான போராட்டத்துக்கு விடையாகக் கடமைப் பட்டியல் எதுவுமின்றித் தொகுதி தொகுதியாக நியமனம் வழங்கும் வழக்கம். வேலையை வரையறுக்காமல் ஆளை எடுத்தால், எவ்வளவு திறமையானவரும் அலுவலகத்தில் நாற்காலி தேடுபவராகவே தொடங்குகிறார்.

தனியார் துறையில் எங்கள் ஊரின் தனித்த சிக்கல் பருவம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளின் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு அடங்குகிறது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தொடங்க அறைகள் வெறுமையாகின்றன. பயிற்றப்பட்ட பரிசாரகர்களும் சமையற்காரரும் தெற்குக் கடற்கரைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போய்விட, அடுத்த பங்குனியில் விடுதிக்காரர் மீண்டும் அறிமுகமற்றவரைத் தேடுகிறார். இந்த இடத்தில் ஃபோர்டின் 1913 ஆம் ஆண்டுக் கணக்கு அப்படியே பொருந்தும். பருவ முடிவில் நல்ல ஊழியருக்கு, மீள அழைக்கும் திகதியையும் சம்பளத்தையும் எழுதிய கடிதமும் இடைக்காலத்துக்கு ஒரு சிறு தொகையும் கொடுத்த விடுதிகள் உள்ளன. அவை பங்குனியில் பதறுவதில்லை. வேலை நிபந்தனைகளைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுப்பதைக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஏற்கனவே கேட்கிறது. மாதச் சம்பளமும் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்குக் கீழே போக முடியாது. அத்தொகை அப்போது 10,000 ரூபாவாக இருந்து, 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்தது.

உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு யோசனை. வினாக்கொத்தில் திருப்தி மட்டத்தை ஐந்து புள்ளிகளில் கேட்பதை விட்டுவிடுங்கள். கடற்கரையோர விடுதிகளிலும் சீனன்குடா, கொட்பேப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் இப்போது வேலை செய்பவர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்த வெற்றிடம் இருப்பதை யார் சொன்னார், உங்களை எடுப்பதென்று யார் தீர்மானித்தார், அன்று உங்கள் கையில் என்ன காகிதம் கொடுக்கப்பட்டது. அதன் பின்னர் அதே மூன்றையும் முதலாளிகளிடம் தனியாகக் கேட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.